கட்டடத்தைப் பார்க்காதீர்கள்... கட்டிலைப் பாருங்கள்!

நல்ல ஆஸ்பத்திரியை அடையாளம் கண்டுபிடிப்பது எப்படி?

"நல்ல ஆஸ்பத்திரியா ஒண்ணு சொல்லுங்களேன்!"

வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால், சொந்தக்காரர்களுக்கு போன் போட்டு நாம் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். வரும் பதில்களும் நமக்குப் பழக்கமானவைதான். "அங்கே போங்க, புது ஸ்கேன் மிஷின் வந்திருக்கு." "அந்த டாக்டர் கைராசிக்காரர்." "ரூமெல்லாம் ஓட்டல் மாதிரி பளபளன்னு இருக்கும்."

மிஷின் வேண்டியதுதான். திறமையான டாக்டர் கட்டாயம் வேண்டும். ஆனால் உங்கள் அம்மா அந்தக் கட்டிலில் பத்து நாள் படுத்திருக்கப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி 2 மணிக்கு ஊசி போட வருகிறவர் கையைச் சுத்தம் செய்துகொண்டாரா? அந்த மருந்து அம்மாவுக்கு எழுதியதுதானா என்று பார்த்தாரா? அம்மாவுக்கு மூச்சு வாங்குவதைக் கவனித்து உடனே டாக்டருக்குச் சொன்னாரா? அம்மா பத்திரமாக வீடு திரும்புவது பெரும்பாலும் இந்தச் சின்னச் சின்ன விஷயங்களில்தான் இருக்கிறது!

தரமான சிகிச்சை என்றால் என்ன என்பதற்கு அமெரிக்காவின் 'இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின்' என்ற அமைப்பு 2001-ல் ஆறு லட்சணங்களைச் சொன்னது. நம் பாஷையில் சொன்னால்: ஆபத்து வராமல் பார்த்துக்கொள்வது, பலன் உண்டு என்று நிரூபிக்கப்பட்ட வைத்தியத்தையே செய்வது, நோயாளியின் விருப்பத்தைக் கேட்டு நடப்பது, காலதாமதம் செய்யாமல் இருப்பது, வீண் செலவு வைக்காமல் இருப்பது, ஏழை பணக்காரர் என்று பேதம் பார்க்காமல் இருப்பது.

"இதையெல்லாம் நாங்க எப்படிங்க கண்டுபிடிக்கிறது? டாக்டருக்கா படிச்சிருக்கோம்?" என்கிறீர்களா? படிக்கவே வேண்டாம். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, கூச்சப்படாமல் நாலு கேள்வி கேட்டால் போதும். எங்கே பார்க்க வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்பதை இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கையைக் கவனியுங்கள்!

1847-ம் வருடம். வியன்னா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவ வார்டுகள் இருந்தன. ஒன்றில் டாக்டர்களும் மருத்துவ மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள். இன்னொன்றில் மருத்துவச்சிகள் பார்த்தார்கள். விசித்திரம் என்னவென்றால், டாக்டர்கள் பார்த்த வார்டில்தான் பிரசவ ஜுரத்தில் தாய்மார்கள் அதிகமாகச் செத்துப்போனார்கள்!

காரணத்தைக் கண்டுபிடித்தவர் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற டாக்டர். மாணவர்கள் பிணப் பரிசோதனை செய்துவிட்டு, அதே கையோடு பிரசவ வார்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள். "குளோரின் கலந்த தண்ணீரில் கையைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும்" என்று அவர் உத்தரவு போட்டார். அந்த வருடம் ஏப்ரலில் நூறு தாய்மார்களில் பதினெட்டுப் பேர் இறந்துகொண்டிருந்த அந்த வார்டில், ஜூன் மாதம் அது சுமார் இரண்டாகக் குறைந்தது. புது மருந்து கிடையாது, புது மிஷின் கிடையாது. கை கழுவினார்கள், அவ்வளவுதான்!

இன்றைக்கும் ஆஸ்பத்திரியில் நோய் தொற்றுவதற்கு முக்கியமான வழி கைதான். மருத்துவப் பணியாளர்கள் ஐந்து சந்தர்ப்பங்களில் கையைச் சுத்தம் செய்தே ஆகவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நோயாளியைத் தொடுவதற்கு முன், ஊசி, டிரிப், கட்டு மாற்றுதல் போன்றவற்றுக்கு முன், ரத்தம், சிறுநீர் முதலியவை பட வாய்ப்புள்ள வேலைக்குப் பின், நோயாளியைத் தொட்ட பின், அவருடைய கட்டில், மேஜை முதலியவற்றைத் தொட்ட பின். சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி. கிருமிநாசினித் திரவம் என்றால் 20 முதல் 30 விநாடி தேய்க்க வேண்டும். கையுறை போட்டிருக்கிறார்களே என்று திருப்திப்பட்டு விடாதீர்கள். ஒரே கையுறையோடு நாலு கட்டில் சுற்றி வந்தால் கையுறையும் அழுக்குக் கைதான்.

எனவே, ஆஸ்பத்திரிக்குள் போனதும் வரவேற்பறைச் சோபாவைப் பார்க்காதீர்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் கிருமிநாசினி பாட்டில் இருக்கிறதா, அது காலியாக இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். "சிஸ்டர், கை சுத்தம் பண்ணிட்டீங்களா?" என்று சிரித்த முகத்தோடு கேளுங்கள். நல்ல நர்ஸ் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இந்த விதி நமக்கும்தான். பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்து கட்டிலில் உட்கார்ந்து கன்னத்தைத் தடவுவது பாசம்தான். அந்தப் பாசத்தைக் கையைக் கழுவிவிட்டுக் காட்டலாமே!

பெயரைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்களா? நல்லது!

ஒரே வார்டில் இரண்டு லட்சுமி இருப்பது நம் ஊரில் சர்வசாதாரணம். "லட்சுமி யாரு?" என்று குரல் கொடுத்தால், காது மந்தமான பாட்டி எதற்கும் "நான்தான்" என்று தலையாட்டி விடுவார். அதனால்தான் நல்ல ஆஸ்பத்திரிகளில் "உங்க பேர் என்னம்மா?" என்று நோயாளியின் வாயாலேயே சொல்ல வைப்பார்கள். கையில் கட்டிய பட்டையில் இருக்கும் பெயர், ஆஸ்பத்திரி எண் இரண்டையும் ஒத்துப் பார்ப்பார்கள். 'பதினான்காம் நம்பர் பெட்' என்பது அடையாளமே ஆகாது. நோயாளியைப் பெட் மாற்றிவிட்டால் என்ன ஆகும்?

"நாலு நாளா பாக்குறாங்க, இன்னும் பேர் தெரியலையா?" என்று எரிச்சல் வேண்டாம். அந்தக் கேள்வி உங்கள் பாதுகாப்புக்காகத்தான்.

மருந்து விஷயத்தில் சரிபார்க்க வேண்டியவை ஐந்து. சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான நேரம், சரியான வழி (வாய் வழியாகவா, ஊசியாகவா). ஐந்தில் ஒன்று தப்பினாலும் ஆபத்து வரலாம். இன்சுலினையே எடுத்துக்கொள்ளுங்கள். காலை டிபனுக்கு முன்னால் போட வேண்டிய ஊசியை நேரப்படி போட்டாகிவிட்டது. ஆனால் ஸ்கேனுக்காக நோயாளியைப் பட்டினி போட்டிருக்கிறார்கள். என்ன ஆகும்? சர்க்கரை திடீரென்று இறங்கும். வியர்க்கும், கை நடுங்கும், நினைவே தப்பலாம். மருந்து சரி, ஆள் சரி, நேரம்தான் தப்பு! பக்கத்தில் இருக்கும் மகளோ மருமகளோ "சிஸ்டர், அத்தை இன்னும் சாப்பிடலை, ஸ்கேனுக்குப் போகணுமாம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் இதைத் தவிர்த்துவிடலாம்.

இன்னொரு விஷயம். வீட்டில் சாப்பிடும் மாத்திரைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு அட்டையோடு கொண்டு போங்கள். "ஏதோ வெள்ளை மாத்திரை, காலையில ஒண்ணு" என்றால் டாக்டருக்கு எப்படித் தெரியும்? ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் இரட்டையாக உள்ளே போவது இப்படித்தான். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, நாட்டு மருந்து, எந்த மருந்துக்கு அலர்ஜி, குடிப்பழக்கம் உண்டா என்பதை எல்லாம் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு நிமிஷம்...

விமானம் கிளம்புவதற்கு முன் பைலட் ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார். எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் அந்தப் பட்டியலை அவர் விடமாட்டார். அதே போல ஆபரேஷன் தியேட்டருக்கும் 19 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலை உலக சுகாதார நிறுவனம் 2008-ல் வெளியிட்டது. இந்த முயற்சிக்குத் தலைமை வகித்தவர் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த அமெரிக்க அறுவை சிகிச்சை நிபுணர் அதுல் கவாண்டே.

மயக்க மருந்து கொடுப்பதற்கு முன், கத்தி வைப்பதற்கு முன், நோயாளி தியேட்டரை விட்டு வெளியே வருவதற்கு முன் என்று மூன்று இடங்களில் எல்லோரும் நின்று, வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். இவர்தான் அந்த நோயாளியா? வலது காலா, இடது காலா? அலர்ஜி உண்டா? பஞ்சு, ஊசி எண்ணிக்கை சரியாக இருக்கிறதா?

"இவ்வளவுதானா?" என்று தோன்றுகிறதல்லவா? டெல்லி உள்பட எட்டு நகரங்களின் ஆஸ்பத்திரிகளில் இதைப் பரிசோதித்துப் பார்த்தார்கள். 2009-ல் வெளியான முடிவுப்படி, ஆபரேஷனுக்குப் பின் வரும் பெரிய சிக்கல்கள் நூற்றுக்கு 11-லிருந்து 7 ஆகக் குறைந்தன. மரணங்கள் நூற்றுக்கு 1.5-லிருந்து 0.8 ஆகக் குறைந்தன. கிட்டத்தட்ட பாதி!

ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கும்போது "தியேட்டர்ல சரிபார்க்கிற பட்டியல் வெச்சிருக்கீங்களா டாக்டர்?" என்று தாராளமாகக் கேட்கலாம். எந்தப் பக்கம் ஆபரேஷனோ அந்தப் பக்கத்தில் பேனாவால் அடையாளம் போட்டார்களா என்பதையும் கவனியுங்கள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்...

"இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க சார், டைம் ஆச்சு." ஸ்ட்ரெச்சர் நகர்ந்துகொண்டிருக்கும்போது நீட்டப்படும் அந்தப் பேப்பரில் என்ன இருக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் படிக்கிறோம்?

டெல்லியில் பரிசோதனைக்கு மட்டும் சம்மதம் கொடுத்து மயக்கத்தில் இருந்த ஒரு பெண்ணுக்கு, வெளியே இருந்த தாயாரின் சம்மதத்தைப் பெற்றுக் கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போனது. பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் ஆபரேஷனுக்குச் சம்மதம் ஆகாது, உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது வயது வந்தவருக்காகத் தாயார் சம்மதம் கொடுக்கவும் முடியாது என்று 2008-ல் தீர்ப்பு வந்தது.

நல்ல டாக்டர் என்றால் என்ன வியாதி, என்ன செய்யப் போகிறோம், வேறு வழி உண்டா, செய்யாவிட்டால் என்ன ஆகும், என்ன ஆபத்து வரலாம், சுமாராக எவ்வளவு செலவு என்பதைப் புரியும்படி சொல்லுவார். இன்னும் நல்ல டாக்டர், "நான் சொன்னதை ஒரு தடவை நீங்களே சொல்லுங்க பார்ப்போம்" என்பார். அது பரீட்சை இல்லை. தான் சரியாகச் சொன்னோமா என்று அவர் பார்த்துக்கொள்கிற வழி!

ராத்திரி வார்டு எப்படி இருக்கிறது?

டாக்டர் ஒரு நாளில் உங்கள் கட்டிலருகே நிற்பது சில நிமிஷங்கள். மீதி நேரம் முழுக்க நர்ஸ்தான். ஐரோப்பாவின் ஒன்பது நாடுகளில் ஆபரேஷன் செய்துகொண்ட நாலு லட்சத்துக்கும் அதிகமான நோயாளிகளைப் பற்றிய ஆராய்ச்சி 2014-ல் வெளிவந்தது. ஒரு நர்ஸ் கவனிக்கும் நோயாளிகளில் ஒருவர் கூடினால், 30 நாளுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 சதவிகிதம் கூடுகிறது என்று அதில் தெரிந்தது. ஆகவே "ரூம் வாடகை எவ்வளவு?" என்று கேட்கும்போதே, "ராத்திரியில இந்த வார்டுக்கு எத்தனை நர்ஸ்?" என்றும் கேளுங்கள். பெல் அடித்தால் எவ்வளவு நேரத்தில் வருகிறார்கள் என்று பாருங்கள்.

ஷிப்ட் மாறும்போது கவனியுங்கள். வீட்டுக்குக் கிளம்பும் நர்ஸ், புதிதாக வருகிறவரைக் கட்டில் கட்டிலாக அழைத்துப் போய் "இவருக்கு ராத்திரி ஜுரம் இருந்தது, இந்த மருந்து இன்னும் கொடுக்கலை" என்று சொல்லிவிட்டுப் போகிறாரா? இது நடக்கும் வார்டில் பாதிக் கவலை தீர்ந்தது. எழுந்திருக்க முடியாதவர்களைச் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்கிறார்களா? இல்லாவிட்டால் முதுகில் படுக்கைப் புண் வரும். பாத்ரூம் தரை ஈரமாக இல்லாமல், பிடித்துக்கொள்ளக் கைப்பிடியோடு இருக்கிறதா? இடுப்பு எலும்பு முறியாமல் வந்த பாட்டிக்கு ஆஸ்பத்திரியில் முறிந்தது என்று ஆகக்கூடாது.

காசு இருந்தால்தான் தரமா?

இல்லவே இல்லை. அரசாங்கத்து வேலையிலிருந்து ஓய்வுபெற்ற டாக்டர் ஜி.வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு ஆரம்பித்ததுதான் அரவிந்த் கண் ஆஸ்பத்திரி. பணம் கட்டுகிறவர்களுக்கும் இலவசமாக வருகிறவர்களுக்கும் அறை வசதியில் வித்தியாசம் இருக்கலாம். கண்ணில் ஆபரேஷன் செய்யும் டாக்டர்கள் ஒரே டாக்டர்கள்தான். அங்கிருந்து கற்றுக்கொள்ள உலகெங்கும் இருந்து டாக்டர்கள் மதுரைக்கு வருகிறார்கள்.

தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கித் தரும் மருத்துவப் பணிகள் கழகம் 1995-ல் செயல்படத் தொடங்கியது. வரும் மருந்துகளில் மாதிரி எடுத்துப் பரிசோதித்த பிறகுதான் ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறார்கள். பிரசவத்தில் ஒரு தாய் இறந்துபோனால் அதோடு ஃபைலை மூடிவிடாமல், வீட்டிலிருந்து கிளம்பத் தாமதமா, வண்டி கிடைக்கத் தாமதமா, ஆஸ்பத்திரியில் ரத்தம் கிடைக்கத் தாமதமா என்று விசாரிக்கும் முறையும் இங்கே உண்டு. பலன்? 2018-20 கணக்குப்படி ஒரு லட்சம் குழந்தைப் பிறப்புகளுக்கு இந்திய சராசரி 97 தாய்மார்களின் மரணம். தமிழ்நாட்டில் 54. தப்பை மூடி மறைக்காமல், "ஏன் நடந்தது?" என்று கேட்கிற ஆஸ்பத்திரியில்தான் அடுத்த உயிர் பிழைக்கிறது.

நம் பங்கு என்ன?

"ஒரு ஊசி போடுங்க டாக்டர், சீக்கிரம் சரியாகட்டும்!" இப்படிக் கேட்பதை முதலில் நிறுத்துவோம். சாதாரண ஜலதோஷத்துக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. தேவையில்லாததைக் கொடுக்காமல் இருப்பதும் தரமான சிகிச்சைதான். ஊசி போடாமல் பத்து நிமிஷம் பேசி அனுப்பும் டாக்டரை "ஒண்ணுமே பண்ணலை" என்று குறை சொல்லாதீர்கள்.

கூட்டமாகப் போய் வார்டில் உட்காராதீர்கள். தகராறு வேண்டவே வேண்டாம். ஆஸ்பத்திரிப் பணியாளர்களைத் தாக்குவதைத் தண்டிக்கத் தமிழ்நாட்டில் 2008-லேயே சட்டம் வந்துவிட்டது. குறை இருந்தால் முதலில் வார்டு பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். பிறகு நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். சிகிச்சைப் பதிவுகளின் நகலை நீங்கள் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்று டாக்டர்களுக்கான 2002-ம் வருட நடத்தை விதிகள் சொல்கின்றன. கட்டணம் வாங்கிச் செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று சுப்ரீம் கோர்ட் 1995-லேயே சொல்லியிருக்கிறது. ஆத்திரத்தை விட ஃபைலில் உள்ள பேப்பருக்குப் பலம் அதிகம்!

டிஸ்சார்ஜ் ஆகும்போது கேட்க வேண்டிய 7 கேள்விகள்
(வெட்டி எடுத்து பீரோ கதவில் ஒட்டி வையுங்கள்)

1. என்ன வியாதி என்று முடிவாகத் தெரிந்தது? டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதியிருக்கிறதா?

2. பழைய மாத்திரைகளில் எதைத் தொடர வேண்டும், எதை நிறுத்த வேண்டும்?

3. புது மாத்திரை எதற்காக? எத்தனை நாளைக்கு? சாப்பாட்டுக்கு முன்னாலா, பின்னாலா?

4. என்ன சாப்பிடலாம்? எப்போது குளிக்கலாம், மாடி ஏறலாம், வேலைக்குப் போகலாம்?

5. எந்த அறிகுறி வந்தால் உடனே ஓடிவர வேண்டும்?

6. ராத்திரியில் சந்தேகம் வந்தால் எந்த நம்பருக்குப் போன் செய்வது?

7. எல்லா டெஸ்ட் ரிசல்ட்டும் வந்துவிட்டதா? வராதது எது, எப்போது வந்து வாங்குவது?

இந்த ஏழு கேள்விகளுக்கும் அலுத்துக்கொள்ளாமல் பதில் சொல்லி, எழுதியும் கொடுக்கிறார்களா? அடுத்த முறை யாராவது "நல்ல ஆஸ்பத்திரி எது?" என்று உங்களிடம் கேட்டால், தைரியமாக அந்த ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லுங்கள்.